இந்த இருமல் பாட்டில் உள்ளதா, கசற்றில் பிறகு பதிந்ததா?

நாடாக்கடை (களுவாஞ்சிக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். பழைய கசற்றுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பதுதான் இப்போது முக்கால்வாசி வேலை. கலியாண வீட்டுப் பதிவு, கூத்து அரங்கேற்றம், அண்ணாவிமார் பாடினது, கண்ணகியம்மன் குளிர்த்திப் பாட்டு என்று வரும். ஆங்கிலப் பாட்டு வருவது குறைவு, எனக்கு அதில் பழக்கமும் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை மண்டூரில் இருந்து ஓர் அம்மா வந்தார். பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறிக் குருமண்வெளித் துறையில் இறங்கி வந்திருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். ஒரு பால்மா ரின்னுக்குள் ஐந்து கசற்று. எல்லாம் அவருடைய தம்பியுடையவை. 1990இல் வீட்டை விட்டு வெளியே போன பொடியன், திரும்பி வரவில்லை. "எதிலயாவது அவன்ட குரல் கிடந்தா எடுத்துத் தாங்க மனே" என்றார்.

நான்கு கசற்றில் குரல் எதுவும் இல்லை. ஐந்தாவது ரி.டி.கே. டி90. மேல் தாளில் எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஒரே இசைத்தொகுப்பு, மற்றப் பக்கம் வெறுமை. போனில் பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலியில் போட்டுப் பார்த்ததில் பிங்க் ஃபுளொய்ட் என்ற ஆங்கிலக் குழு, ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்ற தொகுப்பு, 1975 என்று வந்தது.

கிட்டத்தட்ட இருபத்தாறு நிமிடம் போனபிறகு ஒரு விஷயம் நடக்கிறது. நல்ல கனமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு திடீரென்று ஒடுங்கி, சின்ன ட்ரான்சிஸ்டருக்குள் இருந்து வருவதுபோல ஆகிறது. பிறகு யாரோ வானொலியைத் திருகுகிறார்கள். ஒரு பேச்சு, ஒரு இரைச்சல், ஒரு கணம் பெரிய வாத்தியக் குழு. கடைசியில் தூரத்தில் ஒரு கிற்றார். அது வாசித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ பக்கத்தில் இருந்து இருமுகிறார், மூக்கை உறிஞ்சுகிறார். அப்புறம் இன்னொரு கிற்றார், காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதுபோலத் தெளிவாகச் சேருகிறது.

முதலில் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் அழுக்கு என்றுதான் நினைத்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வேறொரு டெக்கிலும் ஓடவிட்டுப் பார்த்தேன், அதேதான். ஹெட்டில் அழுக்கு இருந்தால் பாட்டோடு சேர்ந்து நாடாவின் "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் மங்க வேண்டும். இங்கே இரைச்சல் அப்படியே கூர்மையாக இருக்கிறது, பாட்டு மட்டும் ஒடுங்குகிறது. ஆகவே ஒடுங்கின ஒலிதான் நாடாவில் பதிவாகியிருக்கிறது. பொடியன் ரெக்கோடரை வானொலிக்குப் பக்கத்தில் வைத்து இந்தத் துண்டைப் பதிந்திருக்கலாம், கூடவே தானும் வாசித்திருக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அம்மாவிடம் கேட்டேன், தம்பி கிற்றார் வாசிப்பாரா என்று. "கூட்டாளி வீட்ட போய்ப் பழகினவன்" என்றார்.

அவருக்கு ஹெட்போனில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். இருமல் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது அவன்தான். சின்னதில இருந்து தொய்வு. இருமிப்போட்டு இப்பிடித்தான் மூக்க உறிஞ்சுவான்."

இணையத்தில் தேடினேன். முதலில் வந்தவை மேடைக் கச்சேரிப் பதிவுகள், அவற்றில் இருமல் இல்லை. ஒரே பாட்டுக்கு இத்தனை வடிவங்கள் கிடக்கின்றன, எது மூலம் என்று எனக்குப் பிடிபடவில்லை. இதற்கிடையில் அந்த ஒடுங்கின பகுதிக்குக் கீழ்ச்சுருதிகளை ஏற்றி, இரைச்சலைக் குறைத்து ஒரு பிரதியும் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா திரும்ப வருகிறார். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். அந்த இருமல் யாருடையது?

பார்வீதி (மட்டக்களப்பு)

தம்பி, அந்த இருமல் பாட்டிலேயே இருக்கிறது. சுற்றிவளைக்காமல் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இருமுவது டேவிட் கில்மோர், அந்தக் குழுவின் கிற்றார்காரர். இரண்டு கிற்றாரும் அவருடையவைதான்.

நான் இதை முதல்முதல் கேட்டது 1978இல், பார் வீதியில் ஒரு கூட்டாளி வீட்டு விறாந்தையில். அவனுடைய மாமா கப்பலில் வேலை செய்தவர், அவர் கொண்டுவந்த இசைத்தட்டு. மேலே கறுப்பு நிற பிளாஸ்ரிக் சுற்று, உள்ளே என்ன படம் என்றே தெரியாது. அதைப் பிரித்தால், இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், அதில் ஒருவர் தீப்பற்றி எரிகிறார். அது தந்திரப் படமில்லை, சினிமாவில் சண்டைக் காட்சிக்கு நடிக்கும் ஒருவருக்கு உண்மையாகவே தீ வைத்து எடுத்தது. நாங்கள் நாலு பொடியன்கள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், பாட்டு தொடங்கிவிட்டதே தெரியவில்லை. அவ்வளவு மெல்லத் தொடங்கும். நீங்களும் முதல் தரம் வொலியூமைக் கூட்டியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

வானொலி விஷயத்துக்கு வருகிறேன். ‘ஹாவ் எ சிகார்’ என்ற பாட்டு, பாட்டுக் கம்பனிக்காரர்கள் வாயால் பேசுவதுபோல அமைந்தது. பாடுவது குழுவில் உள்ளவரே இல்லை, ரோய் ஹார்ப்பர் என்று வெளியில் இருந்து வந்த பாடகர். அந்தப் பாட்டு முடியும் தறுவாயில் ஒலியை வேண்டுமென்றே சுருக்கி வானொலிக்குள் தள்ளிவிடுகிறார்கள். திருகும் ஒலி கில்மோரின் கார் வானொலியில் இருந்து பதிந்தது. ஒரு கணம் வரும் வாத்தியக் குழு, ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பனி. பிறகு வருவது தொகுப்பின் பெயரையே கொண்ட ‘விஷ் யூ வேர் ஹியர்’ பாட்டு. அதன் தொடக்கத்தில் வரும் பன்னிரண்டு தந்திக் கிற்றாரையும் வானொலியில் கேட்பதுபோல மெலிய வைத்திருக்கிறார்கள். ஒருவன் தன் அறையில் தனியாக இருந்து, வானொலியில் போகும் பாட்டோடு சேர்ந்து வாசிக்கிறான், இதுதான் அவர்கள் நினைத்தது. அறையில் இருக்கிறவன் இருமுவான்தானே. அதனால் அந்த இருமலுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

எங்களுக்கு அந்த இடம் விளங்குவதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. இரவில் மீடியம் வேவில் முள்ளை நகர்த்தி நகர்த்தித்தான் பாட்டுக் கேட்டோம். இலங்கை வானொலி, நடுவில் கீச்சென்று ஒரு சத்தம், தமிழ்நாட்டு நிலையம் ஒன்று, யாருடையது என்று தெரியாத ஒரு பாஷை. இலண்டனில் இருக்கிறவர்களும் அதையேதான் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பே, இருந்தும் இல்லாமல் போன ஒருவரைப் பற்றியது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் சிட் பரெட். தொடக்கத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை அவர் எழுதினவை. மனநிலை குலைந்து 1968இல் விலகிப்போனார். 1975 ஜூன் 5ஆம் திகதி இவர்கள் அபி ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு தடித்த மனிதர், தலையும் புருவமும் மழித்தபடி, உள்ளே வந்து நிற்கிறார். யாரென்று இவர்களுக்குச் சட்டென்று தெரியவில்லை. அது சிட். அவரைப் பற்றிய பாட்டை அவர் முன்னாலேயே ஒலிக்கவிட வேண்டி வந்தது. குழுவின் பேஸ் கிற்றார்காரர் ரொஜர் வோட்டர்ஸ் அழுதுவிட்டார்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் தம்பி. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு இருமல் கிடைத்திருக்கிறது. அவருக்கே இருக்கட்டும். இது என்னுடைய எண்ணம்.

ஒலிக்கலவை (கல்முனை)

பார்வீதி சேர் சொன்ன விவரம் எல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நாடாக்கடை அண்ணன், நீங்கள் சொல்லாவிட்டாலும், பேரப்பிள்ளை ஒன்று நாளைக்கு அதே பாட்டைப் போனில் போடும், அதே இருமல் வரும். அன்றைக்கு அவர் தனியாக அதைத் தாங்க வேண்டும். உங்கள் கடையில் வைத்துத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் சொல்லுமுன் நீங்கள் அளந்து உறுதிப்படுத்த வேண்டும். 1975 ஸ்ரூடியோப் பதிவின் இறுவட்டை அனுப்பி வைக்கிறேன். ஒரு பதிவைத் தலைகீழாக்கி மற்றதில் இருந்து கழித்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கசற்றில் அது சரிவராது, வேகம் ஆடிக்கொண்டே இருக்கும். இப்படிச் செய்யுங்கள். வானொலி திருகும் முதல் ஒலியில் இருந்து இருமல் வரை எத்தனை செக்கன், இருமலில் இருந்து இரண்டாவது கிற்றார் வரை எத்தனை செக்கன் என்று இரண்டிலும் எடுங்கள். டெக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடினாலும் அந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. வேறொருவர் இருமினதாக இருந்தால் இத்தனை சரியாகப் பொருந்த வழியே இல்லை.

இரண்டாவது, நீங்கள் செய்த திருத்தத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஒடுங்கின கிற்றாரும் விரிந்த கிற்றாரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில்தான் அந்தப் பாட்டே நிற்கிறது. ஒன்று இயந்திரத்துக்குள், மற்றது அறைக்குள். நீங்கள் முதலாவதற்குக் கனம் ஏற்றினால் இரண்டும் ஒரே அறைக்கு வந்துவிடும், அப்புறம் இரண்டாவது உள்ளே வருவதற்கு அர்த்தமே இல்லை.

மூன்றாவது, இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் நடுவில் கவனியுங்கள். இசைத்தட்டில் அங்கேதான் பக்கம் மாறும். மொத்தம் 44 நிமிடம்தான் என்பதால் தொண்ணூறு நிமிடக் கசற்றின் ஒரு பக்கத்துக்குள் முழுதும் அடங்கிவிடும். தட்டில் இருந்து பதிந்திருந்தால் அந்த இடத்தில் பதிவை நிறுத்தித் தொடங்கின "டக்" இருக்கும், ஊசி இறங்கும் சத்தமும் இருக்கலாம்.

கவனமாகக் கேட்பது என்று வந்துவிட்டபடியால் இதையும் சொல்கிறேன். இருமல் வரும் ‘விஷ் யூ வேர் ஹியர்’ பாட்டின் முடிவில் காற்றுச் சத்தம் வரும். அந்தப் பாட்டுக்கு ஸ்டீஃபான் கிராப்பெல்லி என்ற பெரிய வயலின் மேதை வாசித்திருந்தார். கலவையில் அதை அவ்வளவு தாழ்த்திவிட்டார்கள், 1975 பதிவில் அவர் இருப்பதே தெரியாது. 2011 வெளியீட்டில்தான் அவர் வாசித்தது முழுதாக வெளியே வந்தது. 36 வருடம் ஒரு வயலின் ஒளிந்து கிடந்திருக்கிறது. நான் வேலைக்குப் புதிதாக வந்த பொடியன்களுக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன்.

காரைதீவு வயலின்

நான் கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கர்நாடக வயலின் படித்தவள். இந்தத் தொகுப்பை எனக்குத் தந்தது கூடப் படித்த ஒரு தோழி. முதல் பாட்டில் பாட்டு எப்போது வரும் என்று எட்டரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தேன். வாய்ப்பாட்டு அதற்குப் பிறகுதான். அந்த எட்டரை நிமிடம் ஓர் ஆலாபனை என்று எனக்குப் புரிந்த நாளில் இருந்து நான் அவசரப்படுவதில்லை.

தொடக்கத்தில் வரும் மெல்லிய ஒலிக்குள் கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கின்றன. விளிம்பில் ஈர விரலால் தேய்த்து எழுப்பினது. வாத்தியங்களே இல்லாமல் வீட்டுப் பொருட்களை வைத்து ஒரு தொகுப்பு செய்யப் பார்த்துக் கைவிட்டார்கள், அதில் மிஞ்சினது இது. ஜலதரங்கம் கேட்டவர்களுக்கு உறவு தெரியும், ஆனால் அது தட்டுவது, இது தேய்ப்பது. தட்டினால் ஒலி பிறந்து தேயும். தேய்த்தால் எங்கே தொடங்கினது என்று சொல்ல முடியாது.

நாலாவது நிமிடம் நெருங்கும்போது கிற்றாரில் நான்கு சுரம் மட்டும் வரும். ஜி சுருதியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அவை க, நி, ஸ, த. சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், ஷட்ஜம், சதுச்ருதி தைவதம். நான்கும் கரகரப்பிரியா ராகத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் எந்தக் கரகரப்பிரியாப் பாடகரும் இப்படிப் போக மாட்டார். காந்தாரத்தில் இருந்து நிஷாதத்துக்கு ஒரே தாவு, அங்கிருந்து கீழே ஷட்ஜம், வீடு வந்துவிட்டோம் என்று நினைக்கிறோம், உடனே தைவதத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு சுரமும் முறிவதில்லை, நாலும் ஒன்றின்மேல் ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அதுவரை கேட்ட இசையின் போக்குக்குக் காது சுத்த தைவதத்தைத்தான் எதிர்பார்க்கும். அதனால் அந்தக் கடைசிச் சுரம் பதில் வராத ஒரு கேள்விபோலத் தொங்குகிறது. கில்மோர் தற்செயலாக வாசித்த இந்த நாலு சுரத்தில் இருந்துதான் முழுப் பாட்டும் வளர்ந்தது.

முடிவையும் கேளுங்கள். கடைசிப் பகுதி முழுக்க குழுவின் கீபோட்காரர் ரிச்சர்ட் ரைட் அமைத்தது. ஓய்ந்து போகும் நேரத்தில் 1967இல் சிட் எழுதின ‘சீ எமிலி பிளே’ பாட்டின் மெட்டில் ஒரு சிறு துண்டை வாசிக்கிறார். அறியாதவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். பெயர் சொல்லி அழைப்பதுபோல அது. அதற்குப் பிறகு இசை மேஜருக்குத் திரும்பி, சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகி முடிகிறது.

அண்ணா, சொல்லுங்கள். ஆனால் இருமலை மட்டும் வெட்டிப் போட்டுக் காட்டிச் சொல்லாதீர்கள். தொடக்கத்தில் இருந்து அந்த இடம் வரை அவரை இருந்து கேட்க விடுங்கள். தம்பி கேட்டது அப்படித்தானே.

நாடாக்கடை (களுவாஞ்சிக்குடி)

மூன்று பேருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

கல்முனை நானா அனுப்பின இறுவட்டு வெள்ளிக்கிழமை கிடைத்தது. அவர் சொன்னபடி அளந்தேன். என் டெக் ஒரு மயிரிழை வேகமாக ஓடுகிறது, மற்றபடி விகிதம் அப்படியே பொருந்துகிறது. இருமல் பாட்டில் உள்ளதுதான். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அந்த "டக்" சத்தமும் இருக்கிறது, ஆகவே தட்டில் இருந்துதான் பதிந்திருக்கிறார்கள். பொடியனே பதிந்தாரோ, கடையில் கொடுத்துப் பதிவித்தாரோ, அதை நாடா சொல்லாது.

திருத்தின பிரதியை அழித்துவிட்டு, கசற்றைத் திரும்ப முதலில் இருந்து ஏற்றினேன். இந்த முறை திரையைப் பார்க்காமல், கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். தங்கச்சி சொன்ன நாலு சுரம் எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் வந்ததும் தெரிந்துகொண்டேன். பிறகு இருபத்தாறாவது நிமிடம். முன்பு அதைப் பழுது என்று கேட்டேன். இப்போது ஒரு அறையைக் கேட்டேன். ஒருவர் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கிறார், கிற்றாரை மடியில் வைத்திருக்கிறார், இன்னும் தொடங்கவில்லை.

அப்போது வேறொன்று கண்ணில் பட்டது. வானொலி திருகும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒலி நாலைந்து தரம் இமைக்கும் நேரம் விட்டு விட்டு வருகிறது. கசற்றைத் திறந்து நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் நுண்ணிய மடிப்புகள். முழு நாடாவிலும் வேறெங்கும் இல்லை. இப்படி நான் கூத்துக் கசற்றுகளில் நிறையக் கண்டிருக்கிறேன். பாட்டைப் பாடமாக்குகிறவர்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சுற்றி, நிறுத்தி, ஓடவிட்டால் உருளை கடித்துக் கடித்து இப்படி ஆகும்.

ஞாயிறு பத்து மணிக்கு அம்மா வந்தார். தொடக்கத்தில் இருந்து போட்டேன். இருபத்தாறு நிமிடம் அசையாமல் இருந்தார். இருமல் வந்தது, முகத்தைப் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தார். அந்தப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டுச் சொன்னேன். இறுவட்டையும் போட்டுக் காட்டினேன், அதே இருமல். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. மறுகா நாடாவின் மடிப்பை வெளிச்சத்தில் காட்டி, தம்பி இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார் என்று சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் படாமல் கிட்டப் பார்த்தார்.

"அப்ப இந்த இருமல அவனும் கேட்டிருக்கான்."

"ஓம் அம்மா. எத்தனையோ தரம்."

"வெட்டிப்போடாதீங்க மனே. அந்த டக்கு டக்கெண்டு விட்டு விட்டு வாறதையும் அப்பிடியே விடுங்க."

பென்ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தேன், ஒன்றையும் திருத்தவில்லை. பிற்பகல் பாதைக்கு நேரம் இருந்தது. மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று ஹெட்போனை எடுத்துத் தானே போட்டுக்கொண்டார்.